தகர ஷீட் பாலைவனம்

முனிராஜு தகர ஷீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் ஷீட் தடதடவென்று சத்தம் போட்டது. ஏறிய தூரத்தில் பாதியைச் சறுக்கித் தொலைத்தார்.

மேட்டின் உச்சியில் ஷமீனா. பச்சைச் சுடிதார், நீளமான மஞ்சள் துப்பட்டா, கையில் செருப்பு. இன்னும் சில வாரங்களில் நிக்காஹ் ஆகப்போகிற பெண். சிரிப்பை அடக்கிக் கொண்டு நின்றாள். கீழே அவளுடைய அம்மா ஜமீலா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் ஃபிளாஸ்க்கையும் இன்னொரு கையில் முக்காட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் வயிறு மண்ணில் பட வெறுந்தரையில் படுத்திருந்தேன். கண் கேமராவில் இருந்தது. வாய் மட்டும் சும்மா இல்லை.

"ஏங்க, பைய ஏறுங்க. உச்சியக் கலைச்சிராதீங்க!"

"ஏன்மா செல்வி, நான் என்னா இங்க டான்ஸா ஆடறேன்? ஷீட்டு தூக்கறவனுக்குத் தாம்மா தெரியும் கஷ்டம்!"

போன வாரம் ஒரு சீமந்த வீட்டில் லைட் கட்டப் போய் ஏணியோடு சேர்ந்து சாய்ந்தவர்தான் இந்த முனிராஜு. என் கணவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அசிஸ்டெண்ட். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

இடம், கிருஷ்ணகிரிக்கு வெளியே கல் உடைத்து எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல் செய்கிற ஒரு கிரஷர். வெயில் இறங்குவதற்குள் அங்கே ஒரு பாலைவனத்தை உண்டாக்கியாக வேண்டும். ஷமீனாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"இப்ப இதுதான் என் ஊரு"

அதற்குச் சில நாட்கள் முன்னால் ஷமீனாவும் ஜமீலாம்மாவும் ஓசூரில் இருக்கிற என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று தேடி வந்தவர்கள். வந்ததும் ஜமீலாம்மா பைக்குள் கைவிட்டு நாலு மாம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதற்கு அப்புறம் நான் எதற்கு மறுப்புச் சொல்ல முடியும்?

மாப்பிள்ளை ரியாஸுக்கு வளைகுடாவில் வேலை. குடோன்களுக்குக் கூரை போடுகிற கம்பெனி. நிக்காஹுக்கு முதல் நாள்தான் லீவு கிடைக்கும். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். நிச்சயத்தன்று ஷமீனா அவரைப் பார்த்ததோடு சரி, மற்றதெல்லாம் ஃபோனில்தான்.

ஷமீனா தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள். ஒரு படம். கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக ஒரு பையன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். படத்துக்குக் கீழே ஒரு வரி: 'இப்ப இதுதான் என் ஊரு.'

"அக்கா, இந்தப் படத்த நான் தெனமும் பாக்கறேன். எவ்ளோ பெரிய எடம். அவரு மட்டும் ஒண்டியா நிக்கறாரு. எனக்குத் தாங்கல. ஆல்பத்துல இத ஒரு பக்கத்துல போடுங்க. எதிர்ப் பக்கத்துல நானும் அதே மாதிரி மணல்ல நிக்கணும். ரெண்டும் ஒரே எடம் மாதிரி இருக்கணும்."

"இவ்ளோதானே, கம்ப்யூட்டர்ல பின்னாடி மாத்திர மாட்டாங்களா?" என்றார் ஜமீலாம்மா.

"வேணாம்மா. கால்ல ஒட்டுன மணலு படுக்கற வரைக்கும் போகலன்னு சொன்னாரு. என் கால்லயும் ஒட்டணும்."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் மாற்றியிருந்தால் வேலை ஒரு மணி நேரம். ஆனால் அந்தப் பெண் கேட்டது படம் இல்லை, பக்கத்தில் ஒரு இடம். அவர் திரும்பிப் போகும்போது பெட்டியில் எடுத்துப் போகப்போவது அந்த ஆல்பத்தைத்தான். நான் சொதப்பினால் அவள் ஆசையும் சேர்ந்து சொதப்பும். "செஞ்சிருவோம் தாயி" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

வைடும் டெலியும்

என்னிடம் இருக்கும் லென்ஸ்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய சேகரிப்பு ஒன்றும் இல்லை.

ஓசூரில் போட்டோ எடுக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது வைடு ஆங்கிள். காரணம், லைன் வீடுகள். எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பங்கள். ஒரே அறையில் கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, நடுவில் சீமந்தம். பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும். அங்கே வைடு இல்லாமல் எடுத்தால் பெண்ணின் மூக்கும் வளையலும் மட்டும்தான் படத்தில் இருக்கும். வைடு எல்லாரையும் உள்ளே இழுத்துப் போட்டுவிடும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் குக்கரையும் சேர்த்து.

டெலி லென்ஸ் கல்யாண மண்டபத்துக்கு. வீடியோக்காரர்கள் மேடையை மறித்துக்கொண்டு நிற்கும்போது, அவர்கள் தோள் இடுக்கு வழியாகத் தூரத்திலிருந்தே மாலையும் முகமுமாக எடுத்துவிடலாம். டெலிக்கு இன்னொரு குணமும் உண்டு. தூரத்தில் இருப்பதைக் கொண்டுவந்து முன்னால் இருப்பதன் முதுகில் ஒட்டிவிடும். மண்டபத்தின் கடைசியில் தூங்கிக்கொண்டிருக்கும் பெரியப்பா, மாப்பிள்ளையின் தோளில் தூங்குவது போல வருவார்.

இதெல்லாம் நான் யாரிடமும் பாடம் படித்துக் கற்றதில்லை. போட்டோ தொழிலுக்கு வருமுன் நானும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். குவாலிட்டி பிரிவு. நாள் முழுக்க வண்டிப் பாகங்களை அளந்து, சமமாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். முனிராஜுவைப் பார்த்ததும் அங்கேதான். அவர் செய்து அனுப்பிய ஒரு பாகத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். சண்டைக்கு வந்தார். அப்படியே கல்யாணத்தில் முடிந்தது.

என் சொந்த ஊர் தெற்கே, சாத்தான்குளம் பக்கம். அங்கே தேரிக்காடு உண்டு. சிவப்பு மணல், கண்ணுக்குத் தெரிந்தவரை. காற்றுக் காலத்தில் மேடு இடம் மாறும். சின்ன வயதில் அங்கே என் கொலுசு ஒன்று கழன்று விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் மணல் மூடிவிட்டது. ஷமீனாவை அங்கே கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் கல்யாண வேலை நடுவில் அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப அவளுடைய அத்தா சம்மதிக்கவில்லை. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

கிரஷருக்குப் போகலாம் என்ற யோசனை முனிராஜுவுடையது. நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது அந்த மணல் குவியல்களைப் பார்த்திருக்கிறார்.

எந்தக் காட்டுக்கு?

முனிராஜு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், தொழிற்சாலையில் தமிழ் என்று வளர்ந்தவர். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கிரஷருக்கு அவர் ஃபோன் செய்தபோது எடுத்தவர், லோடு கேட்டுப் பேசுகிறவர்கள் பாதிப்பேர் கர்நாடகாக்காரர்கள் என்பதால், கன்னடத்தில் ஹலோ சொல்லியிருக்கிறார். இவரும் விடாமல் கன்னடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்: "மரளுகாடு பேக்கு."

கன்னடத்தில் மரளு என்றால் மணல், மரளுகாடு என்றால் பாலைவனம், பேக்கு என்றால் வேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஃபோனை எடுத்த சூப்பர்வைசர் மாதையனுக்குச் சொந்த ஊர் கல்லாவி. லோடு பேசுகிற அளவுக்குத்தான் கன்னடம். அந்தப் பக்கத்தில் காடு என்றால் விவசாய நிலம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் போய் இறங்கியபோது, ஒரு டிப்பர் லாரி எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு தயாராக நின்றது. மாதையன் சிரித்த முகத்தோடு எதிரில் வந்தார்.

"வாங்கக்கா. லோடு ரெடியா நிக்குது. எந்தக் காட்டுக்குங்க?"

"எந்தக் காட்டுக்கா?"

"அண்ணந்தான் ஃபோன்ல சொன்னாருங்க, மரளு காட்டுக்கு வேணும்னு. காடு எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா வண்டி இப்பவே கெளம்பிடும்."

நான் முனிராஜுவைப் பார்த்தேன். அவர் டிப்பரைப் பார்த்தார்.

"அய்யோ அண்ணா, மண்ணு வேணாம். மரளுகாடு! எடாரி! பாலைவனம்! ஒட்டகம் நடக்குமே, அது!"

"ஒட்டகத்துக்கு எதுக்குங்க எம்-சாண்டு?" என்றார் மாதையன், நிஜமாகவே குழம்பிப்போய்.

ஜமீலாம்மா முக்காட்டுக்குள் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நான் ஷமீனாவின் ஃபோனை வாங்கி, ரியாஸின் படத்தைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். மாதையன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பையன் ஒண்டியா நிக்கறான், பாவம்" என்றார். அப்புறம் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "யோவ், அந்த லோட இங்கயே கொட்டுய்யா. பொண்ணுக்குக் காடு வேணுமாம்!"

அப்படித்தான் எங்கள் பாலைவனத்தின் முதல் மேடு உருவானது. லோடர் வண்டிக்காரர் அதன் தலையை ஒரு பக்கமாகத் தள்ளி, கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பு செய்து கொடுத்தார். ஞாயிறு என்பதால் கல் உடைக்கும் மெஷின் ஓடவில்லை, அதனால் தூசி குறைவு. இருந்தாலும் லென்ஸைக் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, துண்டு போர்த்திக்கொண்டுதான் மாற்றினேன். வேர்த்து ஊற்றியது.

"என்னாத்துக்கு இவ்ளோ பயம்? தூசி போனா அங்க கம்ப்ரசர் இருக்குது, ஒரு ஏர் அடிச்சா போச்சு" என்றார் முனிராஜு. ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து சட்டையில் இருக்கும் தூசியிலிருந்து தலைவலி வரை எல்லாவற்றுக்கும் ஏர் அடிப்பதுதான் வைத்தியம்.

"அந்தப் பைப்போட கேமரா பக்கம் வந்தீங்கன்னா, சாயந்திரம் காப்பி கெடையாது" என்றேன். அவர் தள்ளியே நின்றார்.

மலை நகரவில்லை

எம்-சாண்ட் சாம்பல் நிறம். மத்தியான வெயிலில் சிமெண்ட் மாதிரிதான் இருக்கும். சாயங்கால மஞ்சள் வெயில் விழுந்து, கேமராவிலும் நிறத்தைக் கொஞ்சம் சூடாக வைத்தால், பார்க்கிறவர்கள் ஏமாறும் அளவுக்குப் பொன்னாகிவிடுகிறது. அந்தக் கவலை தீர்ந்தது.

உண்மையான கவலை நிழல். ரியாஸின் படத்தில் வெயில் வலது பக்கத்திலிருந்து வருகிறது. நிழல் இடது பக்கம் நீளமாக விழுந்து கிடக்கிறது. இரண்டு படமும் ஒரே இடம் போல இருக்க வேண்டுமானால் ஷமீனாவின் நிழலும் இடது பக்கம்தான் விழ வேண்டும். சாயங்காலத்தில் அதற்கு நான் தெற்குப் பார்த்துத்தான் எடுத்தாக வேண்டும்.

தெற்கே நின்றது கிருஷ்ணகிரி மலை.

வைடு போட்டுப் பார்த்தேன். மலை கடுகளவாகிவிட்டது. ஆனால் கன்வேயர், எடை மேடை, கரண்ட் கம்பம், மாந்தோப்பு, மாதையனின் பைக், எல்லாம் வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தன. டெலி போட்டேன். மற்றதெல்லாம் ஒதுங்கியது. தள்ளித் தள்ளிக் கிடந்த நாலைந்து குவியலும் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு, அசல் பாலைவன மேடுகள் மாதிரி அடுக்கடுக்காக நின்றன. பரவாயில்லையே என்று வாயைத் திறப்பதற்குள், அவற்றுக்குப் பின்னால் மலை எழுந்தது. பாறையும் கோட்டைச் சுவருமாக, ஷமீனாவின் தோளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

இடது பக்கம் நகர்ந்தேன், மலையும் வந்தது. வலது பக்கம் போனேன், அங்கேயும் வந்தது. உலகத்தில் எந்தப் பாலைவனத்தில் கிருஷ்ணகிரி மலை இருக்கிறது?

கடைசியில் வழி கிடைத்தது. தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் மேட்டின் விளிம்பு உயர்ந்து மலையை மறைத்துவிடும். ஷமீனா மட்டும் வானத்தில் தெரிவாள். அதற்குத்தான் இந்த வயதில் இந்த உடம்போடு நான் மண்ணில் விழுந்து கிடந்தது.

பிட்ச் கரெக்ட்

எல்லாம் பொருந்திய பிறகு ஒரே ஒரு குறை. மணல் வழவழவென்று இருந்தது. ரியாஸின் படத்தில் காற்று மணலில் வரி வரியாக அலை போட்டிருந்தது.

முனிராஜு சும்மா இருப்பாரா? முதலில் ஏர் பைப்பைக் கொண்டுவந்து அடித்தார். மணலில் குழிதான் விழுந்தது. அப்புறம் எடை மேடை ஓரம் சாத்தியிருந்த அலை அலையான கூரை ஷீட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார்.

சரிவில் ஷீட்டை வைத்து, மேலே ஏறி நின்று அழுத்தி, மெதுவாகத் தூக்கினார். நான் அசந்துபோனேன். அச்சு வார்த்த மாதிரி அலைகள். அடுத்து ஷீட்டை நகர்த்தி வைத்து அழுத்தினார். பிறகு அடுத்தது.

"பிட்ச் கரெக்டா பாரு செல்வி. ஒண்ணுக்கொண்ணு எடைவெளி மாறக்கூடாது."

"சூப்பர். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

பச்சை ஸ்டிக்கர் ஒட்டாத குறைதான். தேரிக்காட்டில் பிறந்தவள் நான். காற்று எந்த நாளும் அளவு பார்த்து அலை போட்டதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அளந்து அளந்து பழகிய கண்ணுக்குச் சமமாக இருப்பதெல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

கடைசியாக ஷீட்டைத் தூக்கும்போது முனிராஜுவுக்குக் கால் வழுக்கியது. ஷீட்டைக் கட்டிப்பிடித்தபடி, நல்லவேளை அலை போடாத பக்கமாக, உட்கார்ந்த வாக்கிலேயே கீழே வந்து சேர்ந்தார். உச்சியில் இருந்த ஷமீனா அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை விட்டாள். குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பதறி எழுந்தேன். எழுந்த வேகத்தில் விரல் பட்டு ஒரு படம் விழுந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. கணவருக்கு எலும்பு முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் படுத்தேன்.

அதற்கு அப்புறம் எடுத்த படங்கள், நானே சொல்லக்கூடாது, பிரமாதம். டெலியில் ஒன்று: மேட்டு விளிம்பில் ஷமீனா, துப்பட்டா காற்றில், பின்னால் வெறும் வானம். வைடில் ஒன்று: அலைகளுக்கு மூக்கு ஒட்ட வைத்து எடுத்தது. முன்னால் பெரிது பெரிதாக மணல் அலைகள், தூரத்தில் சின்னதாக அவள், நிழல் இடது பக்கம். கிரஷர் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். காரில் ஏறியதும் ஷமீனா தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மணல் ஒட்டியிருந்தது. தட்டவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாக்கா?"

அடுத்த வாரம் அம்மாவும் பெண்ணும் படம் தேர்ந்தெடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். வைடு படத்தைத் திரையில் பார்த்ததும் ஷமீனாவுக்குப் பொறுக்கவில்லை. அதை உடனே ரியாஸுக்கு அனுப்பினாள். 'நானும் உங்க ஊருக்கு வந்துட்டேன்' என்று ஒரு வரியும் சேர்த்து. கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் வந்தது.

ரியாஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேலே இன்னொரு கட்டில். ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று அவர் நெற்றிச் சுருக்கத்திலிருந்தே தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்க தம்பி."

"இது ரூஃபிங் ஷீட்டுதானே?"

நான் திரைக்குக் குனிந்து அந்த அலைகளைப் பார்த்தேன்.

"இல்ல, ஒரு எடத்துல ஓவர்லாப் தெரியுது. ஷீட்டு மேல ஷீட்டு ஏறுமே, அந்தக் கோடு. நான் தெனமும் அதத்தானே மாட்டறேன், அதான் கண்ணுல பட்டுச்சு."

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்கிறது. அந்தப் பையன் அந்த வேலைதான் பார்க்க வேண்டுமா? என் குட்டு வெளிப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் ஷமீனாவைப் பார்த்துத்தான். ஃபோனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏமாத்தறதுக்கு எடுக்கல" என்றாள், அவரைப் பார்க்காமலே. "பக்கத்துல நிக்கறதுக்கு எடுத்தது. ஆல்பத்துல இது வேணாம்க்கா. எடுத்துடுங்க."

தான் வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று ரியாஸ் முகத்தில் எழுதியிருந்தது.

"அக்கா, வேற படம் இருக்குதா? எல்லாத்தயும் காட்டுங்களேன்" என்றார்.

ஃபோனை என் திரைக்கு முன்னால் பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வானம் வைத்தது, நிழல் வைத்தது, துப்பட்டா பறந்தது. நடுவில், அழிக்க மறந்துபோன அந்த விரல் பட்ட படம் வந்தது. சட்டென்று தாண்டினேன்.

"அக்கா, நிறுத்துங்க! பின்னாடி போங்க. பின்னாடி!"

போனேன். படத்தில் ஷமீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே முனிராஜுவின் ஷீட் மூலை. வலது ஓரத்தில் டிப்பரின் பின்கதவு. அவளுக்குப் பின்னால், டெலி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய கிருஷ்ணகிரி மலை, படத்தில் பாதி.

"நம்ம மலை!" என்று கத்தினார் ரியாஸ். எங்களை மறந்து அறைக்குள் திரும்பி யாரையோ கூப்பிட்டார். ஃபோனில் இரண்டு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. இந்தியில் ஏதோ சொல்லி விரலால் மலையைக் காட்டினார். அதன் மேல் கோட்டை இருப்பதாகச் சொன்னார் போலிருக்கிறது. அவர்களும் தலையாட்டினார்கள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இங்க கண்ணு போயி நிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லக்கா. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி. ஊருக்கு பஸ்ஸுல வர்றப்ப மொதல்ல மலதான் தெரியும். மல தெரிஞ்சா பைய எடுத்துக்கினு எழுந்திருவேன். ஸ்டாப்பு வர்றதுக்கு எவ்ளோ நேரம் இருந்தாலும் சரி, உக்கார மாட்டேன்."

ஷமீனா இப்போது ஃபோனைக் கையில் எடுத்திருந்தாள்.

"நீ இங்க வராத" என்றார் ரியாஸ் அவளிடம். "நீ அங்கயே நில்லு. நான் அங்க வந்துடறேன்."

ஜமீலாம்மா எழுந்து போய் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தேன். சந்தோஷமாக இருந்தது, ரொம்பவும் சந்தோஷமாக இருந்தது.

எதிர் எதிர்ப் பக்கம்

ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் அந்த இரண்டு படங்களையும் எதிர் எதிராக வைத்தேன். இடது பக்கம் பாலைவனத்தில் ரியாஸ். வலது பக்கம் மலைக்கு முன்னால் சிரிக்கும் ஷமீனா. அச்சாகி வந்து விரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் நிழல் மணலில் நீண்டு, மடிப்பைத் தொட்டுக்கொண்டு அவர் பக்கம் போகிறது. நிழல் சரியாக விழ வேண்டும் என்று நான் பட்ட பாடு வீண் போகவில்லை.

ஷீட் அலை படத்தை முனிராஜு பெரிதாக்கி ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் "ராஜஸ்தானா?" என்று கேட்டால், "நம்ம ஃபிட்டிங்" என்பார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. லீவு முடிகிற சமயத்தில் ரியாஸும் ஷமீனாவும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மலைப் படம் தனியாக ஒன்று வேண்டும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, என்றார் ரியாஸ்.

"அப்படியே போட்டுத் தந்திரட்டுமா?"

"கீழ இருக்கற மணல மட்டும் வெட்டிடுங்கக்கா. அது அங்கயே ஏகப்பட்டது இருக்குது."

வெட்டினேன். மணலோடு முனிராஜுவின் ஷீட் மூலையும் போயிற்று. அவளும் மலையும் மிஞ்சினார்கள், வலது ஓரத்தில் அந்த டிப்பரின் பின்கதவும். அதையும் எடுத்துவிடவா என்று கேட்டேன்.

ஷமீனா அதற்குள் அவரிடம் 'எந்தக் காட்டுக்கு' கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது இருக்கட்டும்க்கா" என்றார் ரியாஸ். "அது இருந்தாத்தான் நம்ம ஊரு."